ரூபி சனிக்கிழமை பேக்கரிக்குப் போகிறாள்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நானாக எழுத நினைக்கவில்லை. சிட்னியில் ஆண்டு மலர் போடும் ஒருவர், "இங்கத்தைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஓய்வு நேரம், இதை வைத்து ஒரு கதை" என்று கேட்டார். இலங்கை மலைநாட்டு ஹட்டனில் குளிருக்குப் போர்த்திக்கொண்டு ஆஸ்திரேலியாவை எப்படி எழுதுவது என்றேன். "கற்பனைதானே, மேடம்" என்றார். எழுதுகிறவர்களைக் கவிழ்க்க அந்த ஒரு சொல் போதும்.

தொடக்கம்: "மெல்பர்னில் அன்று காலை, பள்ளி வாசலில் ஒரு கங்காரு

கங்காருவை விரட்டிவிட்டேன்.

1 (மறுபடியும்)

"பள்ளிப்பையைக் கடற்கரை மணலில் எறிந்துவிட்டு அந்தப் பதின்வயதினர்

பதின்வயதினர் என்று வாய்விட்டுச் சொல்லும் ஒரு மனிதரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அதுவும் போயிற்று.

2

காப்பாற்றியவள் இஷ்ரா. என் தோழி, அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். தன் வகுப்பையும் மெல்பர்னில் ஒரு வகுப்பையும் வீடியோ அழைப்பில் சேர்த்துவைத்திருந்தாள்.

முதல் நாள் அங்கிருந்து கேட்டார்கள்: ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?

"டியூஷன்" என்றது நம் வகுப்பு, ஒரே குரலில்.

அங்கிருந்து மறுபடி கேட்டார்கள்: இல்லை, ஓய்வு நேரத்தில்?

"ஞாயிற்றுக்கிழமை டியூஷன்."

பிறகு பிள்ளைகளைச் சோடி சோடியாகப் பிரித்தார்கள். இஷ்ராவின் வகுப்புக் கிருஷாந்திக்குக் கிடைத்தவள் ரூபி. இருவருக்கும் பதினைந்து வயது. ஞாயிறு டியூஷன் முடிந்ததும் கிருஷாந்தி கோயில் படிக்கு ஓடுவாள். (லயத்து வரிசை வீடுகளுக்குள் சிக்னல் வராது. முருகன் காலடியில் வரும்.) ரூபி தன் வாரத்தை ஒப்பிப்பாள். பள்ளியில் நாள் முழுக்கப் போனைப் பூட்டி வைக்க வேண்டும், அநியாயம். புதன்கிழமை வலைப்பந்து. அறையைக் கூட்டச் சொல்லி அம்மாவோடு சண்டை. சனிக்கிழமை பேக்கரியில் வேலை.

பக்கத்தில் இருந்த கிருஷாந்தியின் அம்மா வினோதா, "என்னா சொல்லுது?" என்றாள்.

"சனிக்கெழமயில பேக்கரிக்கு வேலைக்குப் போகுதாம்மா."

"அய்யோ பாவமே! இந்த வயசுலயா? அவங்க அப்பா குடிப்பாராமா?"

(சிட்னி வாசகர்கள் சிரிக்க வேண்டாம். தோட்டத்தில் ஒரு பிள்ளை கடைக்கு வேலைக்குப் போகிறது என்றால் அந்த வீட்டில் ஏதோ முறிந்துவிட்டது என்று பொருள். வேறு காரணம் எங்களுக்குத் தெரியாது.)

கிருஷாந்தி குடியை விட்டுவிட்டு மரியாதையாகக் கேட்டாள்: உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?

நன்றாகத்தானே இருக்கிறார், என்றாள் ரூபி. பல் டாக்டர். ஏன்?

கதையை இங்கேயே முடித்திருப்பேன். சிரித்தமாதிரியும் ஆயிற்று, சிட்னிக்கு அனுப்பினமாதிரியும் ஆயிற்று. ஆனால் இஷ்ரா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "முடியல்ல, இன்னும் ஈக்குது" என்றாள்.

3

கிருஷாந்தியின் அப்பா பழனியாண்டி. அவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். மீசையைக்கூடப் பெரிதாக்கினேன். பொருந்தவில்லை. மழை நாளில் மகளுக்குக் குடை பிடித்து பஸ் வரைக்கும் போகிற மனிதர்.

கொழும்பில், புறக்கோட்டையில், அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் புடவைக்கடை நடத்துகிறார். பிள்ளையை அனுப்பு, சாப்பாடு தங்கல் எல்லாம் நான் பார்க்கிறேன் என்று ஒரு வருஷமாக நச்சரிக்கிறார். லயத்தில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம்தான் இதுவரை பழனியாண்டியைத் தடுத்தது. ரூபியின் அப்பா அந்த வெட்கத்தைப் பல் பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கிவிட்டார்.

"டாக்டரு மகளே கடைக்குப் போகுது. நம்ம புள்ள போனா என்னா கொறஞ்சிரும்?"

"அது சனிக்கெழம மட்டுந்தான்ப்பா. திங்கக்கெழம பள்ளிக்கூடத்துக்கு வந்துருது."

"நீயும் கொஞ்ச நாளு போய்ட்டு வா பாப்பா."

கொஞ்ச நாள் போனவர்கள் தீபாவளிக்கு வருவார்கள், புதுச் சட்டையும் புதுத் தலைச்சீவலுமாக. பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. கிருஷாந்தி கேட்பது பெரிய விஷயமில்லை. ஓ.எல். பரீட்சை எழுத வேண்டும், அதன்பின் ஏ.எல். வகுப்பு படிக்க வேண்டும். இதைக் கேட்டபோது எனக்கு வந்த எரிச்சலை மறைத்து அழகாக எழுத வரவில்லை.

இஷ்ரா லயத்துக்கே போய்ப் பேசியிருக்கிறாள். "எங்கட வாப்பாட கடையில நானும்தான் நின்ட. அதுக்குன்டு படிப்ப நிப்பாட்டல்லயே."

"ஒங்க வீட்டுக் கட வேற, டீச்சர்" என்றார் பழனியாண்டி. கொஞ்சம் யோசித்து, "ஞாயித்துக்கெழம அந்தப் புள்ளகிட்டயே கேக்குறேன். கடை நல்லதா, பள்ளிக்கூடம் நல்லதான்னு. அது என்னா சொல்லுதோ அதான்" என்றாராம்.

4

இஷ்ரா சொன்னது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை. மலருக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். ஆகவே நானே பழனியாண்டியைப் படியில் உட்காரவைத்து, கேள்வியையும் கேட்கவைத்தேன். ரூபி சொல்கிறாள்:

"கல்விதான் ஐயா ஒரு பெண்ணின் எதிர்கா

எந்த நாட்டிலும் எந்தப் பதினைந்து வயதும் ஞாயிற்றுக்கிழமையில் இப்படிப் பேசாது.

அடுத்தது: மூடுபனி இறங்கியது, அழைப்பு துண்டிக்கப்பட்டது. (கதை சிக்கினால் மூடுபனியை இறக்குவது எங்கள் ஊர் எழுத்தாளர்களின் வழக்கம். வாசகர்கள் அதைக் கவித்துவம் என்பார்கள்.) வேண்டாம்.

மூன்றாவதாக வந்ததுதான் ரூபி. எவ்வளவு அடித்து எழுதினாலும் இதையேதான் சொல்கிறாள்:

பள்ளிக்கூடமா? மகா சலிப்பு. பேக்கரி எவ்வளவோ மேல். என்னை விட்டால் நாளைக்கே நின்றுவிடுவேன்.

சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். தன்னை யாரும் விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் வருகிற சிரிப்பு. அவள்மேல் கோபப்பட எனக்கு வழியில்லை.

பழனியாண்டிக்கு ஆங்கிலம் தெரியாது. வினோதாவுக்கும் தெரியாது. அந்தப் படியில் இரண்டு மொழியும் தெரிந்தவள் ஒருத்திதான்.

"என்னா பாப்பா சொல்லுது?"

முடிவு அ: உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். பிறகு புறக்கோட்டை, "வாங்கக்கா, புது டிசைன் வந்திருக்கு".

முடிவு ஆ: பொய் சொல்கிறாள். பெற்ற தகப்பன் முகத்தைப் பார்த்து, அவர் தன்னை நம்பிக் கேட்ட கேள்விக்கு.

அவள் பொய் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் போகாத நாட்டைப் பற்றி இரண்டு தொடக்கம் எழுதியவள் ஒரு பிள்ளைக்குப் பொய்யைச் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் அதிகம் இல்லையா? இதற்கு மேல் நான் எழுதமாட்டேன்.

சிட்னியில் இதை வாசிக்கிற உங்களுக்கு இரண்டு மொழியும் தெரியும். பக்கத்து அறையில் உங்கள் பிள்ளையும் ரூபி சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். பழனியாண்டி போனைப் பார்ப்பதை விட்டுவிட்டு இப்போது உங்களைப் பார்க்கிறார். நல்ல மனிதர், நீங்கள் சொன்னால் நம்புவார்.

திங்கட்கிழமை பள்ளி மணி அடிப்பதற்குள் சொல்லுங்கள்.