வீட்டுக்குப் போட்ட வேஷம்

மகளின் பிரசவத்துக்குப் போன அக்கா திரும்பி வருவதற்குள் வீட்டுக்கு ஒரு நூறு வயது கூடிப்போயிருந்தது. முன்சுவரெல்லாம் தேமல். மாடிப்படி ஓரமாக விரிசல்கள் வேர்விட்டு ஓடின. முகப்புத் தூண்களைப் பார்த்தால் ராஜா காலத்தில் யானை கட்டியவை என்று சத்தியம் செய்யலாம். வீட்டைக் கட்டிய அவளுடைய தாத்தாவிடம் யானை கிடையாது; ஓட்டை சைக்கிள் ஒன்றுதான் இருந்தது. தான் இல்லாத ஏக்கத்தில் வீடு வாடிவிட்டதாக நினைத்து, பயண அலுப்பில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் நகராட்சிப் பெண் அதிகாரி வந்து நின்றார்.

வீடு அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. அந்தத் தெருவில் ஒரு மனையில் இரண்டு குடியிருப்புக்கு மேல் கட்டக்கூடாது. ஆனால் பழைய வீட்டின் முகப்பையும் மாடிப்படியையும் தொடாமல் உள்ளே மட்டும் பிரித்துக்கொண்டால், பாரம்பரியக் கட்டடச் சலுகை என்று நாலு குடியிருப்புக்கு அனுமதி உண்டு. நாலு கிடைத்தால் இரண்டை விற்று வேலையை முடித்து, கீழே அக்காவும் மேலே தம்பியும் இருந்துகொள்ளலாம். இரண்டுதான் என்றால் கட்டுப்படியாகாது. விற்க வேண்டியதுதான். வாங்கக் காத்திருந்தவருக்குப் பெயரே புல்டோசர். பக்கத்து மனையையும் சேர்த்து வளைத்துப் போட்டுக்கொண்டு, எதிர்ச்சாரியில் காரில் உட்கார்ந்திருந்தார்.

"நாலு வந்தா உன் பேச்சு, வரலேன்னா என் பேச்சு. இன்னிக்கே கையெழுத்து," என்று தம்பி ஏற்கெனவே சொல்லிவிட்டான். சொன்னால் சொன்னதுதான். சின்ன வயதில் பேச மாட்டேன் என்று சொன்னால், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறக்காதவன் அவன்.

அதிகாரி அம்மா சிரிப்பை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தவர் போலிருந்தார். கையில் டார்ச், பையில் மெல்லிய இரும்புத் தகடு. தூண்களைச் சுற்றி வந்தார். அவர் பின்னாலேயே நடந்த அக்காவின் மூக்கில் ஏதோ ஒரு வாசனை ஏறியது.

கணவரை ஓரமாக இழுத்தாள். "என்னங்க, இது என்ன வாசனை?"

"எந்த வாசனை?"

"தாடி ஒட்டுற பசை. கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க சட்டையில மோந்த வாசனை எனக்குத் தெரியாதா?"

அவர் ஆயுள் முழுக்க நாடகக் கம்பெனியில் ஒப்பனை போட்டவர். மீசை முளைக்காத பையனைத் தொண்டு கிழவனாக்கி, அவனைப் பெற்ற தாயே பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கும்படி செய்தவர். தெருவில் அவருக்குப் பெயர் பவுடர்.

பவுடர் கூரையைப் பார்த்தார். "பழைய வீட்டுக்குத்தானே சலுகை. நம்ம வீடு பாக்கக் கொஞ்சம் இளமையா இருந்துச்சு. லேசா ஒரு டச்சப்."

"எங்கெங்க?"

"முகப்புலயும் மாடிப்படியிலயும் மட்டுந்தான். வேற எதையும் தொடல."

எதைத் தொடக்கூடாதோ, அதை மட்டும் தேடிப் பிடித்துத் தொட்டிருக்கிறார்.

அதிகாரி தூணில் விரலைத் தேய்த்தார். விரல் பழுப்பானது. முகர்ந்து பார்த்தார்.

"டீயா?"

"அந்தக் காலத்துல சுண்ணாம்புல டீத்தண்ணி கலந்துதான் மேடம் அடிப்பாங்க," என்றார் பவுடர், கண்ணைச் சிமிட்டாமல். "கோட்டைங்களுக்கெல்லாம்கூட அதான்."

அதிகாரி விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். "முகப்பை யாராவது மாத்தியிருந்தா சலுகை கிடையாது, அதுக்கு மேல எனக்கு இங்க பாக்க ஒண்ணுமில்ல. இந்த வீட்ல சமீபத்துல வேலை ஏதாவது நடந்துச்சா?"

தம்பி செல்போனைக் கையில் எடுத்தான். எதிரே காரின் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

சொன்னால் வீடு போச்சு. சொல்லாவிட்டால் அந்த விரல் அடுத்ததாக விரிசலுக்கு வரும்; மானமும் சேர்ந்து போகும். அக்கா மாடிப்படிச் சுவரிடம் போனாள். பெரிய விரிசல் ஒன்றின் நுனியை நகத்தால் நெம்பி இழுத்தாள். மெல்லிய காகிதமும் பசையுமாக அது பாம்புச் சட்டை மாதிரி முழுசாக உரிந்து வந்தது.

"இது பொய், மேடம். இவரு போட்ட வேஷம். இதுக்குக் கீழ இருக்கிறது நெசம்."

அதிகாரி அந்தக் காகித விரிசலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கழுவினா போயிடுமா?"

"போகும் மேடம்," என்றார் பவுடர். குரலில் ரோஷம். "சக்கரவர்த்தியா நின்னவனெல்லாம் என் ஒரு சொம்புத் தண்ணியில டிக்கெட் கிழிக்கிறவனாத் திரும்பிப் போயிருக்கான்."

"நான் பின்பக்கம் பாத்துட்டு வரேன். அதுக்குள்ள போறது போகட்டும். போகாம நிக்கிறதைத்தான் நான் எழுதுவேன்."

வாளியும் துணியுமாகப் புருஷனும் பெண்டாட்டியும் சுவரின் மேல் பாய்ந்தார்கள். தண்ணீர் படியிறங்கி ஓடியது; தெருவில் டீக்கடையே கவிழ்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஓடியது. தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீயும் ஒரு துணி எடேன்டா."

"தேய்க்கலேன்னாத்தான்க்கா எனக்கு லாபம். தொந்தரவு பண்ணாம நிக்கிறேன் பாரு, அதுவே பெரிசு."

தேமல் போனது. யானை காலத்துக் கறுப்பு போனது. விரிசல்கள் ஒவ்வொன்றாய் உரிந்து வாளியில் விழுந்தன. கடைசியில் படியின் திருப்பத்தில் ஒன்று மட்டும் நின்றது. அக்கா தேய்த்தாள். நகம் போட்டாள். அசையவில்லை.

"இதுக்கு என்ன பசைங்க போட்டுத் தொலைச்சீங்க?"

பவுடர் கிட்டே வந்து பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "இது நான் போட்டது இல்லம்மா."

தம்பி இரண்டு படி ஏறி வந்தான். "செவுரே பொளந்திருக்கு. இதுக்குள்ள நாலு குடும்பத்தைக் குடி வைக்கப் பாத்தியா?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, அவனும் பயந்திருந்தான்.

பின்பக்கத்திலிருந்து செருப்புச் சத்தம் வந்தது. மறைக்க நேரமில்லை. மறைக்கவும் அக்காவுக்கு மனசில்லை. ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டு விலகி நின்று, தானே கை காட்டினாள்.

அதிகாரி டார்ச்சை அடித்தார். தகட்டை விரிசலுக்குள் விட்டு மெதுவாகச் சுரண்டினார். பவுடருக்கு வந்த தும்மல்கூட மூக்கு வாசல்வரை வந்து திரும்பிப் போனது.

"இங்க பாருங்க," என்றார் அதிகாரி கடைசியில். "மேல பச்சை, அதுக்கடியில நீலம், அதுக்கும் அடியில சுண்ணாம்பு. ஒவ்வொரு தடவை வெள்ளையடிச்சப்பவும் பூச்சு விரிசலுக்குள்ளயும் இறங்கியிருக்கு. கட்டின புதுசுலயே விட்ட விரிசல். அப்புறமா அசைஞ்சிருந்தா இதெல்லாம் கிழிஞ்சிருக்கும். ஒண்ணுகூடக் கிழியல. செவுரும் பலம், வீடும் நெசமாவே பழசு."

"அப்ப?" என்றாள் அக்கா.

"நாலுக்கு எழுதுறேன். ஆனா இந்தப் படி எல்லாருக்கும் பொது. மறிக்கக் கூடாது, கதவு போடக் கூடாது. மாடிக்குப் போறவங்க உங்க வாசலைத் தாண்டித்தான் போகணும். அப்புறம், சார் இனிமே பிரஷ்ஷைத் தொட்டா நான் திரும்பி வருவேன்."

அவர் போனதும் தம்பி தெருவைத் தாண்டிக் காரிடம் போனான். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புல்டோசரின் கை வெளியே வந்து விரல்களைக் காட்டியது. இன்னும் ஒரு விரல் சேர்ந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நின்றான், நின்றுகொண்டே இருந்தான். பிறகு கார் கிளம்பிப் போனது. என்ன முடிந்தது என்று அவன் முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"மாடி எனக்கு. ஒரே ஒரு கண்டிஷன். நான் ஏறி இறங்குறப்பல்லாம் எங்க போற, என்ன வாங்கிட்டு வர்றன்னு நீ கேக்கக் கூடாது."

"நான் ஏன்டா கேக்கப் போறேன்," என்றாள் அக்கா. "அது சரி, அவன் எவ்வளவு கூட்டினான்?"

தம்பி தலையில் அடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

"படி ஈரம்டா," என்றாள் அக்கா.