கதிரைகள் போன பக்கம்

அன்று பாடம் தொடங்கியதிலிருந்தே சிந்துஜாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. தின்றது ஒத்துக்கொள்ளாமல் வந்த எரிச்சல் இல்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பால் வந்தது.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில்தான் நடராஜா சேரின் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு. அங்கே பின்னேர வகுப்புக்கு நாலு வருஷமாகச் சிந்துஜாதான் மிஸ். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளையின் முகம் வகுப்புப் போஸ்டரில் சிரிப்பதைத் தோட்டத்து ஆட்கள் பார்த்துவிட்டுப் போய் அவளுடைய அம்மா வீரம்மாவிடம் சொல்வார்கள். வீரம்மாவுக்கு அன்றைக்கு நிலத்தில் கால் படாது. அந்த இடம் இப்போது ஆட்டம் கண்டிருந்தது. காரணம், கலகெதரயிலிருந்து புதிதாக வந்த மிஸ் ஷிபானா.

நடராஜா சேருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வகுப்புக்கு இரண்டு பேர் தகுதியாக இருந்தால், வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஒரே பாடத்தை இரண்டு அறையிலும் நடத்தச் சொல்வார். தேத்தண்ணி இடைவேளை முடிந்ததும் படிக்க வந்தவர்கள் அவரவர் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு பிடித்த அறைக்குப் போகலாம். எந்த அறையில் கதிரை கூடுதலோ அந்த மிஸ்ஸுக்கு வகுப்பு. இன்றைக்கு அந்தப் பரீட்சைதான்.

பாடம் ‘ஃபோல் த்ரூ’ என்ற இங்கிலிஷ் தொடர். சிந்துஜா அதற்கு ‘கைகூடாமல் போதல்’ என்று பொருள் எழுதி, அதற்குக் கீழே ஃபெயில், கொலாப்ஸ், கம் டு நத்திங் என்று ஒத்த சொற்களை முத்து முத்தாக அடுக்கினாள். எல்லாரும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு பார்த்து எழுதினார்கள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஷிபானா கேட்டாள்: “பேசி முடிச்ச காரியம் நடக்காமப் போனா, நம்ம வீட்டுல என்னண்டு சொல்லுவோம்?”

“குழம்பிட்டு, மிஸ்!”

“தட்டிப் போச்சு!”

“ஊத்திக்கிச்சு!”

“ஆ, அதேதான் ஃபோல் த்ரூ. இப்ப ஒங்கட கதையில ஒண்டு சொல்லுங்க பாப்பம்.”

“மை கட்டார் ஜொப் ஃபெல் த்ரூ!” என்று ஒருவன் கத்தினான். கைதட்டல் தடுப்பை அதிர வைத்தது.

‘ஆகா, பெரிய படிப்புதான்! சந்தைக் கடை கெட்டுது!’ என்று சிந்துஜா மனதுக்குள் பொரிந்தாள். பொரிந்து என்ன செய்ய? அது பொறாமை, பச்சைப் பொறாமை என்று அவளுக்கே தெரியும். இந்த யோசனை தனக்கு வராமல் ஷிபானாவுக்கு வந்துவிட்டதே என்பதுதான் அவளை அரித்தது.

இடைவேளையில் கணேஸை ஓரமாகக் கூப்பிட்டாள். கணேஸ் அவளிடம் படிப்பவன், ஒரு ஹோட்டலில் வெயிட்டர். மிஸ் சொன்னால் மறு பேச்சுப் பேசாத ஆள்.

“கணேஸ், அந்த மிஸ்கிட்ட ஒண்ணு கேளுங்க. எல்லார்கிட்டயும் சொந்தக் கதை கேக்கறாங்க இல்ல, அவங்க கல்யாணத்த வச்சு ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்க.”

“அவங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா, மிஸ்?”

“நீங்க கேளுங்களேன்.”

போன மாதம் ஒரே சோற்றுப் பார்சலை இருவரும் பங்கு போட்டுச் சாப்பிடும்போது ஷிபானா சொல்லி அழுத விஷயம் அது. கல்யாணக் கார்ட் அடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்களாம். “ஒங்களுக்கு மட்டும்தான் சொன்னன்,” என்றும் சொல்லியிருந்தாள்.

கணேஸ் போய் எல்லாருக்கும் நடுவில் கேட்டான். தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற ஷிபானாவின் முகம் வெளிறியது. அவள் கணேஸைப் பார்க்கவில்லை. நேரே சிந்துஜாவைத்தான் பார்த்தாள். சிந்துஜாவுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அப்பாடா, வாயடைத்துப் போனாள் என்று நினைத்தாள்.

ஷிபானா கோப்பையைக் கீழே வைத்தாள். “மை வெடிங் ஃபெல் த்ரூ,” என்றாள். “கார்ட் எல்லாம் குடுத்த பொறகு. ரெண்டு மாசம் நான் வீட்ட விட்டே வெளிய வரல்ல. பொறகு வந்துதான் இங்க நிக்கிறன்.”

யாரும் கைதட்டவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண் மெல்ல, “எனக்கும்தான், மிஸ்,” என்றாள். மணி அடித்தது. கதிரைகள் நிலத்தில் கரகரவென்று இழுபட்டன. ஒன்று, இரண்டு என்று இல்லை, கூட்டமாகப் போயின. எல்லாம் அந்தப் பக்கம்.

சிந்துஜாவின் அறையில் மிஞ்சியது கணேஸ் மட்டும். இவனாவது இருக்கிறானே என்று அவளுக்கு ஒரு ஆறுதல். அதற்குள் நடராஜா சேர் வாசலுக்கு வந்துவிட்டார்.

“மிஸ், ஒரு விஷயம். நேத்தே ஷிபானா மிஸ் எங்கிட்ட வந்து, பின்னேர வகுப்பு எனக்கு வேணாம், கலகெதர பஸ்ஸும் பிந்திரும், கதிரை எந்தப் பக்கம் போனாலும் சிந்து மிஸ்ஸுக்கே குடுங்கன்னு சொன்னாங்க.”

சிந்துஜா பலகைத் தடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

“போட்டின்னு இருந்தா ரெண்டு பேரும் நல்லாப் படிச்சுக் குடுப்பீங்கன்னுதான் நான் வாயத் தொறக்கல. வகுப்பு உங்களுக்குத்தான்னு இருந்தேன். இப்ப மணி அடிச்ச கையோட வந்து, வகுப்ப நானே எடுக்கிறேன் சேர்னு சொல்றாங்க. ஏன்னு கேட்டா பதில் இல்ல.” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இடையில ஏதும் நடந்துச்சா, மிஸ்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது, சேர்.”

அவளுக்குப் பின்னால் கதிரை ஒன்று நகர்ந்தது. கணேஸ் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றான்.

“மிஸ், நீங்க கேக்கச் சொன்னத நான் கேட்டுட்டேன்தானே,” என்றான், சேர் இருக்கிறார் என்று தணிந்த குரலில். “இனி நானும் அந்தப் பக்கம் போகவா?”