இரண்டாம் மதிப்பீட்டாளர்

திலகாவின் வயிற்றெரிச்சல் ஒரு கடிதத்தில் இருந்த இரண்டு சொற்களில் தொடங்கியது.

கோலசிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளி ஒன்றில் அவள் பத்தொன்பது ஆண்டுகளாக மலாய்மொழி கற்பித்து வந்தாள். வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சில்லாத பிள்ளைகள் அவள் கையில்தான் மலாயில் கட்டுரை எழுதும் அளவுக்குத் தேறினார்கள். ஹிதாயா அங்கே வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அபுபக்கரின் மகள் அவள். புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக முதுகலை படித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய ஆய்வு, பிள்ளைகள் இரண்டாம் மொழியில் எப்படிப் பேசப் பழகுகிறார்கள் என்பது. நான்காம் ஆண்டில் இருந்த இரண்டு வகுப்புகளில் ஒன்று அவளுடையது. அங்கே தினமும் பத்து நிமிடம் பிள்ளைகளை ஜோடியாக உட்காரவைத்து மலாயில் பேசவிடுவாள். தப்பு வந்தாலும் குறுக்கிட மாட்டாள். மற்ற வகுப்பு திலகாவுடையது, அங்கே எதுவும் மாறாது. பன்னிரண்டு வாரம் கழித்து இரண்டையும் சோதித்து ஒப்பிட வேண்டும். பெற்றோருக்குப் போன கடிதத்தில் ஹிதாயா இப்படி எழுதியிருந்தாள்: ஒரு வகுப்பு புதிய முறையில், மற்றது வழக்கமான முறையில்.

வழக்கமான முறை. பத்தொன்பது வருஷத்தை இரண்டு சொல்லில் அடக்கிவிட்டாளே என்று திலகாவுக்குச் சுருக்கென்றது. அதோடு போகவில்லை. திங்கட்கிழமை சபைகூடலில் தலைமையாசிரியர் பாலகிருஷ்ணன், "நம்ம பள்ளி பேர யுனிவர்சிட்டி வரைக்கும் கொண்டுபோறாங்க" என்று ஹிதாயாவுக்குக் கைதட்டச் சொன்னார். திலகாவும் தட்டினாள். உள்ளங்கை மட்டும் எரியவில்லை.

பன்னிரண்டாம் வாரம் முடிந்ததும் ஹிதாயா அவளிடமே வந்தாள்.

"அக்கா, ஒரு உதவி. சந்தைப் படம் ஒன்னக் காட்டி ஒவ்வொரு பிள்ளையையும் ரெண்டு நிமிஷம் பேசவச்சி ரெக்கார்ட் பண்ணிருக்கேன். நான் மட்டும் மார்க் போட்டா செல்லாது. ரெண்டாவது ஆளும் தனியா போடணும். அனுபவம் உள்ளவங்கள கேளுன்னு லெக்சரர் சொன்னாரு. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"குடு, பாக்குறேன்" என்றாள் திலகா. வேண்டாம் என்றால் பொறாமை என்பார்களே.

பதிவுகளில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். யாருடைய பிள்ளை என்று தெரியாமல் மார்க் போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அந்தப் பள்ளியில் திலகாவுக்குத் தெரியாத குரல் ஏது? சனிக்கிழமை காலை இயர்போனை மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். பதினாறு பதிவுகள் வரை நியாயமாகத்தான் போட்டாள்.

பதினேழாவதில் தனிஷாவின் குரல் வந்தது. செம்பனை மில்லுக்கு லோரி ஓட்டும் சசிகுமாரின் மகள். போன வருஷம் முழுக்கத் திலகாவின் வகுப்பில் இருந்தவள். மலாய் நேரம் வந்தால் மேசையைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். அவளிடமிருந்து ஒரு வாக்கியம் பிடுங்கத் திலகா கெஞ்சியும் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். அந்தப் பிள்ளை இப்போது அப்பாவோடு மீன் வாங்கப் போன கதையை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. என் வீடு என்பதற்கு 'ரூமா சாயா' என்று வர வேண்டிய இடத்தில் 'சாயா புஞ்ஞா ரூமா' என்று கொச்சையான சந்தை மலாய் கலந்தது. இருந்தும் நிறுத்தவில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே, "சிகு சூக்கா மாக்கான் இக்கான்?" என்று டீச்சருக்கு மீன் பிடிக்குமா என்று வேறு கேட்டது.

திலகா அதை மறுபடி போட்டுக் கேட்டாள். என்னிடம் ஒரு வருஷம் வாயைத் திறக்காதவள், இவளிடம் கேள்வி கேட்கிறாளா?

ஆறு வரை போகும் அடைவுநிலையில் அவளுக்கு இரண்டுதான் போட்டாள். அதன்பின் பேனா தானாகவே போனது. ஹிதாயாவின் பிள்ளைகளுக்கு ஒன்று குறைந்தது, தன் பிள்ளைகளுக்கு ஒன்று கூடியது.

அடுத்த வாரம் பள்ளி விட்ட பிறகு ஹிதாயா மடிக்கணினியோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"ரெண்டு பேர் மார்க்கும் ஒத்தே வரலக்கா. என் பிள்ளைங்கன்னு நான்தான் தாராளமா போட்டுட்டேன் போல. உங்க மார்க்கு தான் சரியா இருக்கும். என்னோடத மாத்திடறேன். அந்த ஜோடிப் பேச்சையும் நேத்தோட நிப்பாட்டிட்டேன்லா. பலன் இல்லாததுக்கு எதுக்கு நேரம்?"

திலகாவுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. மூன்று மாதமாக அவள் ஏங்கிய வார்த்தைகள் இவைதான்.

"மாத்தறதுக்கு முன்னால எப்படிப் போடணும்னு ஒரு தடவ சொல்லிக்குடுங்க" என்று ஹிதாயா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இந்த முப்பத்தொன்னுக்கு நீங்க அஞ்சு, நான் மூனு. இலக்கணத்துல தப்பே இல்ல. ஆனா படத்துல இருக்கிறது சந்தை, பிள்ளை கடற்கரைக்குச் சுற்றுலா போனதச் சொல்லுது. மனப்பாடம்னு நெனச்சேன். நான் எதத் தப்பா புரிஞ்சிக்கிட்டேன்?"

கடற்கரைச் சுற்றுலா திலகா எழுதிக்கொடுத்த கட்டுரை. போன மாதம் வகுப்பே ஒப்பித்தது.

ஹிதாயா உண்மையாகவே கற்றுக்கொள்ளத்தான் கேட்டாள், கையில் பென்சிலோடு காத்திருந்தாள். அந்தக் கண்களில் ஒரு சந்தேகம் தெரிந்திருந்தால் திலகா சமாளித்திருப்பாள்.

"உன் மார்க்க மாத்தாத" என்றாள். "எல்லாக் குரலும் எனக்குத் தெரிஞ்சிபோச்சி. தெரிஞ்சிதான் போட்டேன்."

"புரியலக்கா."

"உன் பிள்ளைங்களுக்கு வேணும்னே கொறச்சேன். என்னால தாங்க முடியல."

ஹிதாயா கணினியை மூடினாள். பிறகு, "தனிஷாவுக்கு ரெண்டு போட்டீங்களே, டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். அன்றோடு அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

கெர்லிங்கில் வேறொரு பள்ளியில் வேலை செய்யும் விமலா என்ற ஆசிரியை எல்லாப் பதிவுகளையும் புதிதாகக் கேட்டு மார்க் போட்டாள். அவளுடையதும் ஹிதாயாவினுடையதும் பெரும்பாலும் ஒத்துப்போயின. முதலில் மதிப்பிட்டவர் மாணவர்களை அறிந்தவர் என்பதால் அவர் தந்த புள்ளிகள் விலக்கப்பட்டன என்று ஆய்வேட்டில் ஒரு வரி வந்தது. பெயர் போடவில்லை. தலைமையாசிரியரிடமும் ஹிதாயா எதுவும் சொல்லவில்லை.

ஆய்வின் முடிவுகள் வந்த நாளில் கேண்டீனில் எல்லாரும் ஹிதாயாவைச் சூழ்ந்து வாழ்த்தினார்கள். திலகாவும் போய், "நல்லா செஞ்சிருக்க" என்றாள். சொல்லும்போது வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் திரும்பிப் போகாமல் நின்றாள்.

"அந்த பத்து நிமிஷத்த எப்படி ஆரம்பிக்கிற? என் வகுப்புல யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க."

ஹிதாயா மைலோ கோப்பையை மேசையில் வைத்தாள்.

"புதன்கெழம மூனாவது பாடம் என் வகுப்புக்கு வந்து பாருங்க, டீச்சர்" என்றாள். "பின்னால உக்காருங்க. நடுவுல மட்டும் திருத்தக் கூடாது."

திலகா புதன்கிழமை போனாள்.