ரெக்கார்டில் இல்லாத ட்ரம்பெட்

'கண்ணாடிக் குதிரை' இசைக்குழுவின் பாடகர் இறந்து வருடங்கள் ஓடிவிட்டன. அவர் பாட்டுகளுக்கு மட்டும் மவுசு குறையவில்லை. அவற்றை அச்சு அசலாக மேடையேற்றுவதற்கென்றே பஸ் ஓட்டும் ஒரு பெண்ணின் அக்கா கணவர் ஒரு குழு வைத்திருந்தார். பாடுவது அந்தப் பெண்தான். அவளுக்குக் கட்டைக் குரல். கண்ணை மூடிக் கேட்டால் அந்த மனிதரே எழுந்து வந்து பாடுவதுபோல் இருக்கும்.

அதே பாராட்டு கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அதனால்தான் இந்த முறை ஒரு ட்ரம்பெட்காரரையும் ஒரு வயலின்காரியையும் விருந்தாளிகளாக அழைத்திருந்தாள். அக்கா கணவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

முதல் பாதியிலேயே அரங்கம் இரண்டுபட்டது. வயலினுக்குப் பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. அங்கே நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவருக்கு ஒரிஜினல் என்று பட்டப்பெயர். எந்தப் பாட்டு முடிந்தாலும், "ஒரிஜினல்ல இப்படி இல்லையே" என்பார்.

இடைவேளையில் அக்கா கணவர் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் பாய்ந்து வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வெளியில ஒரே சண்டை. பாட்டைக் கொலை பண்றாங்கன்னு ஒருத்தன் கத்தறான், உனக்கு ரசனை இருக்கான்னு இன்னொருத்தன் எகிறறான். ரெண்டாவது பாதியில பழையபடியே வாசிச்சுடலாம். விருந்தாளிங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் பேசிக்கறேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த ட்ரம்பெட்காரர் அதைக் கேட்டு வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைக்கப் போனார்.

"வைக்காதீங்க, சார்," என்றாள் அவள். "மாமா, சண்டை போடறவன் ஒருத்தனாவது வீட்டுக்குப் போனானா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? தூங்கறவங்களுக்குப் பாடறதைவிட சண்டை போடறவங்களுக்குப் பாடறது எவ்வளவோ மேல்."

மேடையேறியதும் அவள் நேராக மைக்குக்குப் போனாள்.

"அடுத்த பாட்டு ரெக்கார்டுல இருக்கற மாதிரி இருக்காது. அந்த ரெக்கார்டு உங்க எல்லார் வீட்டுலயும் இருக்கு. இன்னிக்கு எனக்குத் தோணற மாதிரி பாடப் போறேன். பிடிக்காதவங்க எழுந்து போகலாம், நான் தப்பா நினைக்க மாட்டேன்."

சிலர் எழுந்தே போனார்கள். நாற்காலிகள் தரையில் உரசி ஓயும்வரை பொறுமையாக நின்றாள். ஒரிஜினல் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

அவள் தன் சுருதிக்கு ஏற்றி, வேகத்தைக் குறைத்துப் பாடினாள். முதல் சரணத்தில் வயலின் குரலின் பின்னாலேயே வந்தது. கடைசிச் சரணத்துக்குச் சற்று முன்பே ட்ரம்பெட் நுழைந்தது. அவளுக்கே அந்தப் பாட்டு அன்றைக்குத்தான் பிறந்ததுபோல் இருந்தது. முடிந்ததும் பாதி அரங்கம் விசிலடித்தது, மீதி பாதி மௌனம் சாதித்தது.

நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டும்போது ஒரிஜினல் மேடையோரம் வந்து நின்றார். அக்கா கணவர் நைசாக நழுவிவிட்டார்.

"எனக்குப் பிடிக்கல," என்றார் அவர்.

"எது பிடிக்கலன்னு சொல்லுங்க, சார்."

"ரெக்கார்டுல கடைசிச் சரணத்துக்கு முன்னாடி அவர் ஒரு மூச்சு எடுப்பாரு. எங்க அம்மா இறந்துபோன வருஷம் முழுக்க அந்தப் பாட்டைத்தான் போட்டுக் கேட்டேன். அந்த மூச்சு வர்ற இடத்துல நானும் மூச்சு விடுவேன். இன்னிக்கு அங்க ட்ரம்பெட் வந்து உட்கார்ந்துடுச்சு."

அவள் வயரைக் கீழே வைத்தாள். அந்த வரியை மெதுவாக முணுமுணுத்துப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். அங்கே ஒரு நொடி ஓய்வு தேவைப்பட்டது.

"சார், கொஞ்சம் இங்க வாங்க!" என்று ட்ரம்பெட்காரரைக் கூப்பிட்டாள். "இந்த இடத்துல நாம ரெண்டு பேரும் சும்மா இருக்கணும். அதுக்கப்புறம் நீங்க வாங்க."

"அப்போ மறுபடியும் இப்படித்தான் பாடப் போறீங்களா?" என்றார் ஒரிஜினல்.

"ஆமா சார். நீங்க சொன்னது நியாயம், எடுத்துக்கிட்டேன். மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கும்."

"வேகமும் குறைச்சல்தான்," என்று முறைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாத நிகழ்ச்சிக்கு முன்வரிசையில் சில நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பின்வரிசையில் புதுமுகங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரிஜினல் தன் தங்கையையும் அழைத்து வந்திருந்தார். கடைசிச் சரணத்துக்கு முன் குரலும் ட்ரம்பெட்டும் நின்றன. அண்ணனும் தங்கையும் ஒன்றாக மூச்சு விடுவதை மேடையிலிருந்து பார்த்தாள் அவள். பிறகு தொண்டையைத் திறந்து பாடினாள்.