ஆவுடைத்தாயின் வகுப்பு

அம்மாவின் தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி நழுவிக்கொண்டே இருந்தது. நாச்சியார் மூன்றாவது தடவையாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஆள் அரவம் கேட்டது.

"ஆவுடைத்தாயக்கா இல்லியா? மூணு மணியில இருந்து காத்துக்கிட்டிருக்கோம்" என்று செருப்பைக் கழற்றியபடியே வந்த சரோஜம், கட்டிலைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"மத்தியானம் சாப்ட்டுட்டுக் கை கழுவப் போனா. அங்கயே விழுந்துட்டா" என்றாள் நாச்சியார்.

சரோஜம் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், வாசகசாலை மாடியில், அவளைப் போன்ற ஏழெட்டுப் பேர் எண்பத்திரண்டாம் வருஷத்திலிருந்து செவ்வாய்தோறும் கூடுகிறார்கள். வாரம் ஒருவர் தமக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். தபால் ஆபீஸ் பிச்சுமணி நட்சத்திரங்களைப் பற்றிச் சொன்னார். சரோஜம் மலையாள எழுத்துக் கற்றுக்கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்த ஆவுடைத்தாய் மட்டும், "எனக்கு என்ன தெரியும்?" என்று ஆறு மாதம் தட்டிக் கழித்தாள். பிறகு ஒத்துக்கொண்டாள். எழுந்திருக்க மாட்டாத நோயாளியை வலிக்காமல், தூக்குகிறவர் முதுகும் பிடித்துக்கொள்ளாமல், எப்படி உட்கார வைப்பது? இன்றைக்கு அதுதான் வகுப்பு.

நேற்றுச் சாயங்காலம் ஆவுடைத்தாய் மகளிடம், "கொஞ்சம் படுத்துக்கோயேன் நாச்சி, ஒருக்கா செஞ்சு பாத்துக்கிடுதேன்" என்று கேட்டாள்.

"இந்த வயசுல கிளாஸ் ஒண்ணுதான் கொறச்சல். எனக்கு வேலை கெடக்கு" என்றாள் நாச்சியார். ஆவுடைத்தாய் தலையணையைக் கட்டிலில் போட்டு, அதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

குளிப்பாட்டும் நேரமாயிற்று. சித்தி மாடம்மாள் ஒரு கையையும் நாச்சியார் மறு கையையும் பிடித்து இழுத்தார்கள். தலை பின்னால் தொங்கியது.

"இழுக்காத மக்களே." சரோஜம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "போன வாரம் எனக்கு மட்டும் காட்டித் தந்தா. முழங்காலைக் கட்டில்ல முட்டுக்கொடு. கையைத் தோளுக்கு அடியில விடு. தல உன் முழங்கையில இருக்கட்டும். ஆங். இனி நீ தூக்க வேண்டாம், கேட்டியா? அவளைச் சேத்துப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால சாஞ்சாப் போதும்."

நாச்சியார் சாய்ந்தாள். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அவள் தலை மகளின் தோளில் வந்து படிந்தது.

"போதும், விடுடீ" என்று சித்தி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

குளிப்பாட்டிப் புதுச் சேலை உடுத்தி முடிப்பதற்குள், சேதி கேட்டு மற்றவர்களும் வந்து சந்தில் நின்றிருந்தார்கள். பிச்சுமணி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நாச்சியார் ஈரச் சேலையோடு பக்கத்து வீட்டு ராஜமணியிடம் நாற்காலி கேட்கப் போனாள்.

"யாரு அவங்கல்லாம், சொந்தக்காரங்களா?" என்றாள் ராஜமணி.

"இல்ல. அம்மாகூடப் படிக்கிறவங்க."

நாற்காலிகளை இரண்டிரண்டாகக் கொண்டுபோய், நிழல் பார்த்துப் போட்டாள்.