நாலாவது டீம்

...நாலாவது ஆவடிதான் என்று சொன்னதே நான்தானே, கூடைப்பந்து லீக் ஆரம்பிக்கும்போதே சொன்னேன், எங்கள் அம்பத்தூர், அப்புறம் செங்குன்றம், வில்லிவாக்கம், ஆவடி, இந்த நாலும்தான் அரையிறுதிக்குப் போகும், வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆபீஸ் கேன்டீனில் மார்தட்டினேன், வருஷா வருஷம் பலித்துப் பலித்து எல்லோருக்கும் ஜோசியக்காரி ஆகிவிட்டேன், இந்தத் தடவையும் மூன்று பலித்தாயிற்று, நாலாவது மட்டும் இதோ கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கிறது, இன்று பூந்தமல்லியை நாங்கள் ஜெயித்தால் ஆவடி உள்ளே, தோற்றால் பூந்தமல்லி உள்ளே, எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், முதலிடத்தில் உட்கார்ந்தாயிற்று... உட்கார்ந்து என்றால் நிஜமாகவே உட்கார்ந்து, பெஞ்சில், தோளில் துண்டோடு. டீமில் அதிகம் பாயிண்ட் போடுகிறவளைக் கடைசி குவார்ட்டர் வந்தும் இறக்கவில்லை கஜபதி சார், "நீ குந்து நிவே, பாத்துக்கலாம்" என்றவர்தான், அப்புறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை, கோச்சாம் கோச்.

எதிர்ப் படிக்கட்டில் ஷர்மிளா. ஆவடி டீம் மொத்தமும் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவர்கள் ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டது, இனி அவர்கள் கையில் ஒன்றுமில்லை, என் கையில்தான்... இல்லை, என் கையிலும் இல்லையே, நான்தான் துண்டைப் பிழிந்துகொண்டு கிடக்கிறேனே. எங்கள் இரண்டு பேர் அப்பாவுக்கும் ஒரே ஃபேக்டரி, ஒரே குவார்ட்டர்ஸ், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த வலையில்லாத வளையத்தில்தான் இரண்டு பேரும் பழகினோம், எனக்கு ஐடி வேலை கிடைத்துவிட்டது, அவளுக்கு விளையாட்டுதான் வேலை வாங்கித் தர வேண்டும், அடுத்த மாதம் வயது தாண்டுகிறது, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கிறவர்கள் அரையிறுதிக்குத்தான் வருவார்கள், லீக் ஆட்டத்தை எந்தப் பெரிய மனுஷன் வந்து பார்க்கிறான்? காலையில் போன் செய்தாள். "உன்னதான்டி நம்பிகினு கீறேன், அவுங்கள தூக்கி அடிச்சுரு, இன்னா?" நான் என்ன சொன்னேன்... "நீ உள்ளதான்டி, நான் சொல்லிட்டேன்ல, போய் ஷூவத் தொடச்சி வை." எவ்வளவு திமிர் எனக்கு.

எனக்குப் பதில் இறங்கிய லாவண்யா மறுபடி தவறவிட்டாள், ஸ்கோர் சமம், சமமாவது, இந்தப் பூந்தமல்லியோடா? எனக்கு வயிறு எரிகிறது, சார் வேண்டுமென்றே செய்கிறார், வேறென்ன, முதலிடமும் நாலாமிடமும்தான் அரையிறுதியில் மோத வேண்டும், பூந்தமல்லி வந்தால் அல்வா சாப்பிடுகிற மாதிரி, ஆவடி வந்தால் ஷர்மிளா வருவாள், என்னைத்தான் மார்க் பண்ணி நிழலாக ஒட்டிக்கொள்வாள், இடது பக்கம் திரும்புவதற்கு முன் என் வலது தோள் துளி தாழும், அது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், போன மாதம் லீக்கில் அவளிடம் மாட்டிக்கொண்டு ரெண்டே கூடை போட்டேன், டீம் எப்படியோ ஜெயித்தது, காய்ச்சல் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அரையிறுதியில் அத்தனை பேர் முன்னால் மறுபடி அப்படி ஆனால்... சே, இப்போது எதற்கு அது, சாரைத்தானே திட்டிக்கொண்டிருந்தேன், ஒருத்தியின் பிழைப்பு, இவருக்குக் கணக்கு, மனுஷனா இவர்?

"நிவேதிதாவ எறக்கு!" என்று யாரோ கத்துகிறார்கள், இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கிறது, சார் டைம்-அவுட் கேட்டுவிட்டு வந்து என் முன்னால் குந்துகிறார், முகமெல்லாம் வேர்வை, கணக்குப் போடுகிறவரின் முகமாக இல்லை அது. "இன்னா நிவே, காலு எப்டி கீது? நேத்து நோவுதுன்னு நீதான சொன்ன, அதான் குந்த வெச்சேன். பசங்க சொதப்புதுங்க. எறங்குறியா?"

நேற்று... சொன்னேன். ஆமாம், சொன்னேன், பிராக்டிஸ் முடிந்து எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, அவர் கேட்காமலே, சும்மா பேச்சுவாக்கில், சார் கணுக்கால் லேசா வலிக்குது சார் என்று... வலித்ததா? நிஜமாக வலித்ததா? காலைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்க்கிறேன், திருப்பிப் பார்க்கிறேன், இரண்டு காலும் கல்லு மாதிரி இருக்கின்றன. நேற்று எந்தக் காலைச் சொன்னேன்?

"எறங்குறேன் சார்" என்கிறது வாய், குரல்கூட நடுங்கவில்லை, அப்பாடா என்று எழுந்து ஓடுகிறார் அவர், விசில் ஊதியாயிற்று, எல்லோரும் உள்ளே போகிறார்கள், என் கை மட்டும் குனிந்து, இறுக்கிக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்க்கிறது. "சீக்கிரம் வா கண்ணு!" இதோ, இதோ சார், லேஸ்... நிமிர்ந்து பார்க்கிறேன். மொத்தக் கூட்டமும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஷர்மிளா மட்டும் என் வலது தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.