கோடு போட்ட ஏழு பக்கம்

ஆண்டிபட்டிக்கு மேற்கே ஒதுங்கிக் கிடந்த அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடு, ஒரே ஒரு அடிகுழாய். விடியுமுன் வரிசையில் நின்று அடித்தால் வீட்டுக்கு மூன்று குடம் தேறும். அதற்குப் பிறகு குழாயில் காற்றுதான் வரும். அந்த மூன்று குடத்தில் கஞ்சி காய்ச்சி, முகம் கழுவி, கொத்தனாருக்குச் சித்தாளாகக் கிளம்பிப் போகிறவள் சங்கிலியம்மாள். நாற்பத்தேழு வயது. முப்பதைத் தாண்டிய பிறகு அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவள். தெருவில் அவள் வயதுப் பெண்களில் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அதனால்தான் 2008-ல் தேனியிலிருந்து வந்த வேல்விழி நேரே அவள் வாசலில் வந்து நின்றாள். கடலோர நகரங்களின் வளர்ச்சி நிலைத்து நிற்குமா என்று அளந்து, கலர் கலராக ஊர்ப்படம் போடுகிற ஆபீஸில் அவளுக்கு வேலையாம். ஒரு கடற்கரைப் பட்டணத்தை அளந்து முடித்துவிட்டார்கள். அதே அளவுகோலை வறண்ட ஊரிலும் வைத்துப் பார்க்க வந்திருந்தார்கள்.

"வசதி இருக்கிற தெரு பச்சைக்கா, இல்லாத தெரு சிவப்பு. படத்தைப் பாத்து, சிவப்புத் தெருவுக்குத்தான் முதல்ல பைப்பு போடப் போறாக," என்றாள் வேல்விழி.

கடலோர ஊருக்கென்று அச்சடித்த கேள்வித்தாளையே கையில் வைத்திருந்தாள். கடல்நீர் வீட்டுக்குள் வருவதுண்டா என்று முதல் கேள்வி. பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"குடிக்கத் தண்ணி வரலையாம், கடலு வருதாம்ல கடலு! வந்தாச் சொல்லு தாயி, காலையாவது கழுவிக்கிறோம்."

வேல்விழியும் சிரித்துவிட்டாள். ஒரு கோடு போட்ட நோட்டைச் சங்கிலியம்மாளிடம் கொடுத்தாள். முப்பது நாள், தினமும் வீட்டுக்கு எத்தனை குடம் என்று எழுதவேண்டும்.

முதல் வாரம் சங்கிலியம்மாள் வாசல் வாசலாக நின்று சத்தமாகக் கேட்டாள். எதிர்வாசலில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, எந்தப் பெண் மூன்று என்று சொல்லுவாள்? ஒருத்தி எட்டு என்றால் அடுத்தவள் ஒன்பது என்றாள். சண்முகத்தாய், "பத்துன்னு எழுதிக்க மதினி," என்றாள். அவள் மகள் சினேகாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

எட்டாம் நாள் சங்கிலியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"அம்புட்டுத் தண்ணி வந்தா நான் ஏன் சிமிண்டுத் தலையோட திரியிறேன்? உள்ளதைச் சொல்லுங்கடி. சிவப்பு வந்தாத்தான் பைப்பு."

"மூணுன்னு எழுதுனா, சம்பந்தம் பேச வர்றவுகளுக்குக் காலு கழுவத் தண்ணியில்லாத வீடுன்னு ஊரே சொல்லுமே மதினி."

"நோட்டு என் கையைவிட்டு அந்தப் புள்ளை கைக்குத்தான் போகும். பைப்பு வரும். வீரபாண்டி ஆத்தா மேல சத்தியம்."

சண்முகத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு, "மூணு," என்றாள். மற்றவர்களும் அதற்குப் பிறகு உள்ளதைச் சொன்னார்கள்.

முந்தைய ஏழு பக்கத்தையும் சங்கிலியம்மாள் கிழிக்கவில்லை. தப்பாக எழுதினால் தாளைக் கிழிக்கக் கூடாது, அடித்துவிட்டு எழுத வேண்டும் என்பது வகுப்பில் படித்த பாடம். பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'பொய்' என்று எழுதி வைத்தாள். அதை வேல்விழியிடம் காட்டிச் சொல்லவும் செய்தாள். வேல்விழி தலையை ஆட்டினாள். வாரம் ஒருதரம் அவள் வரும்போதெல்லாம் மூன்றாம் குடத்திலிருந்துதான் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுப்பாள் சங்கிலியம்மாள்.

இரண்டு மாதம் கழித்துத் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தை வைத்தார்கள். சங்கிலியம்மாள் வேலைக்குப் போகாமல், இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சுவர் அகலத்துக்கு இரண்டு பிளக்ஸ். ஒன்றில் கடலோரப் பட்டணம், மற்றதில் ஆண்டிபட்டி. கீழே ஓரத்தில் சின்ன எழுத்து. விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். 'தகவல்: சங்கிலியம்மாள்.'

அச்சில் தன் பேரை அவள் பார்த்ததே இல்லை. அப்படியே விரலை மேலே நகர்த்தித் தன் தெருவைத் தேடினாள். கோயில், சந்தை, பள்ளிக்கூடம், அதற்கு மேற்கே தெரு.

பச்சை. வெற்றிலை மாதிரி பச்சை.

மண்டபத்து மூலையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த வேல்விழியைப் போய்ப் பிடித்தாள்.

"என்ன தாயி இது?"

வேல்விழி சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். "முதல் ஏழு பக்கத்தை மட்டும் எடுத்துக்கிட்டாகக்கா. கடலோரப் பட்டணத்துல பச்சை கூடுதலா வந்து ஆபீஸுக்கு நல்ல பேரு. இங்கனயும் அப்படித்தான் வரணும்னு மேல சொல்லிட்டாக."

"பொய்யின்னு எழுதியிருந்தேனே. நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்திட்டா எழுதுன?"

"கம்ப்யூட்டர்ல ஏத்துனதே நான்தான்க்கா. என்னைய என்ன செய்யச் சொல்றீக?"

"நோட்டைக் குடு."

"மெட்ராசுக்குப் போயிருச்சு."

"எங்க மூணு குடத்துல நீயும் குடிச்சியே, தாயி," என்றாள் சங்கிலியம்மாள்.

வேல்விழி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்துக்கொண்டு சங்கிலியம்மாள் படத்தண்டை போனாள். தன் பேருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பிளக்ஸில் மை பிடிக்கவில்லை. அழுத்தி அழுத்தி இழுத்தாள். பேனா வழுக்கிக்கொண்டு போனதே தவிர, பேர் அப்படியே இருந்தது.

தெருவுக்கு வந்து ஒளிக்காமல் சொன்னாள். பச்சை விழுந்துவிட்டது, பைப்பு நமக்கில்லை என்றாள். வேல்விழியைப் பற்றியும் சொன்னாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. "படத்துல ஓம் பேரைப் போட்டிருக்காகளா?" என்று மட்டும் சண்முகத்தாய் கேட்டாள். ஆமாம் என்றாள் சங்கிலியம்மாள். சண்முகத்தாய் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அடிகுழாய் வரிசையில் அவளுக்கு முன்னால் சண்முகத்தாய் நின்றாள். மூன்றாவது குடம் பாதி நிறைந்தபோது குழாய் காற்றை இழுத்தது. அரைக்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் திரும்பினாள். தெருவே கேட்கும்படி சொன்னாள்:

"எங்க வீட்டுக்குப் பத்துக் குடம். எழுதிக்க மதினி."